ப்ரோப்பை எங்கே வைப்பது? சிமுலேஷனில் ஒரு புள்ளியின் வெப்பநிலை

ஒரு சதுரப் பெட்டி. இடது சுவர் சூடு, வலது சுவர் குளிர்ச்சி, மேலும் கீழும் வெப்பம் புகாத மூடிகள், உள்ளே காற்று. சூடான சுவரை ஒட்டிக் காற்று மேலேறும், எதிர்ச் சுவரை ஒட்டி இறங்கும். பாய்ம சிமுலேஷன் (காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது) படிக்கிற யாரும் ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருக்கும் கணக்கு இது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் டி வால் டேவிஸ் 1983இல் இதற்கு ஓர் அளவுகோல் விடை வெளியிட்டார். ரேலி எண் (மிதப்பால் எழும் ஓட்டத்தின் வலிமையைச் சொல்வது) 10 லட்சமாக இருந்தால் சராசரி நஸல்ட் எண் (வெறும் கடத்தலைப்போல எத்தனை மடங்கு வெப்பம் கடக்கிறது என்பது) 8.8 வர வேண்டும். புது சால்வர் (இந்தச் சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருள்) எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அந்த 8.8ஐத்தான் முதலில் தேடுகிறார்கள்.

இந்தப் பெட்டியின் நட்டநடுவில் ஒரு ப்ரோப் (சிமுலேஷனில் குறிப்பிட்ட இடத்தின் மதிப்பைப் பதியும் புள்ளி) வைத்து வெப்பநிலையைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு சுவர்களின் சராசரி வரும். 11க்கு 11 என்று முரட்டு மெஷ் (இடத்தை வெட்டும் கட்ட வலை) போட்டாலும் அதே விடை. 201க்கு 201 போட்டாலும் அதே விடை. ரேலி எண்ணை ஆயிரமாகக் குறைத்தாலும் மாறாது. காற்றையே எடுத்துவிட்டு ஒரு திடப்பொருளை வைத்தாலும்கூட மாறாது. பண்புகள் மாறிலியாகவும் மிதப்பு விசை வெப்பநிலைக்கு நேர்விகிதமாகவும் இருக்கும்வரை, பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிச் சூட்டையும் குளிரையும் மாற்றிப்போட்டால் பழைய கணக்கே திரும்ப வரும். அந்தச் சமச்சீர் நடுப்புள்ளியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அங்கே ப்ரோப் வைத்து, ‘மெஷ்ஷை மாற்றினாலும் விடை மாறவில்லை’ என்று வரைபடம் போட்டால் கோடு அழகாக, நேராக இருக்கும். சொல்லும் செய்தி பூஜ்யம்.

சுவரோரம் கதையே வேறு. அதே ரேலி எண்ணில் சூடான சுவரை ஒட்டிய வெப்ப எல்லைப்படலம் (வெப்பநிலை சட்டென்று மாறும் மெல்லிய அடுக்கு) பெட்டியின் அகலத்தில் சுமார் மூன்று சதவீதம்தான். உள்ளூர் நஸல்ட் எண் அடிப்பக்கம் ஏறத்தாழ 18 வரை ஏறுகிறது, மேல் மூலையில் 1க்கும் சற்றுக் கீழே இறங்குகிறது. ப்ரோப்பை அந்த மெல்லிய படலத்துக்குள் வைத்தால், மெஷ்ஷில் உள்ள ஒவ்வொரு குறையும் எண்ணாக வெளியே வந்துவிடும். ப்ரோப்புக்கு இடம் தேர்ந்தெடுப்பது கணக்கு முடிந்தபின் படம் போடுகிற வேலையோடு சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது எல்லை நிபந்தனை (சுவர்களில் என்ன நிலை என்று சொல்வது) எழுதுகிற கட்டத்திலேயே முடிவாக வேண்டிய விஷயம்.

முதலில், ‘புள்ளியின் வெப்பநிலை’ என்று ஒன்று சால்வருக்குத் தெரியவே தெரியாது. ஓப்பன்ஃபோம், ஃப்ளூயன்ட் போன்ற மென்பொருள்கள் இடத்தைச் சின்னச் சின்ன செல்களாக வெட்டி, ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே ஒரு வெப்பநிலையை வைத்துக்கொள்கின்றன. அந்த எண் அந்தச் செல்லின் கொள்ளளவு முழுவதற்குமான சராசரி. வசதிக்காக அதைச் செல்லின் மையத்தில் உள்ள மதிப்பாகவும் எடுத்துக்கொள்கிறோம். வெப்பநிலை செல்லுக்குள் நேர்கோடாக மாறினால் இரண்டும் ஒன்றுதான். நீங்கள் ஆயத்தொலைவுகளைக் கொடுத்து ஒரு புள்ளியைக் கேட்டால், மென்பொருள் முதலில் அது எந்தச் செல்லுக்குள் விழுகிறது என்று தேடுகிறது. பிறகு இரண்டில் ஒன்றைச் செய்கிறது: அந்தச் செல்லின் எண்ணை அப்படியே தருகிறது, அல்லது சுற்றியுள்ள செல்களையும் முனைகளையும் வைத்து இடைமதிப்பு கணக்கிட்டுத் தருகிறது.

ஓப்பன்ஃபோமின் ப்ரோப் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் முதல் வழியில்தான் போகும். செல்லுக்குள் புள்ளியை எங்கே நகர்த்தினாலும் மதிப்பு மாறாது. செல்லின் எல்லையைத் தாண்டிய கணம் ஒரு குதி குதிக்கும். அமைப்பில் இடைமதிப்பு முறை ஒன்றைக் குறிப்பிட்டால் இந்தக் குதி போய்விடும். முன்பு சொன்ன சதுரப் பெட்டியில் ஒரு வேடிக்கையும் உண்டு. பக்கத்துக்கு 10 அல்லது 20 என்று இரட்டைப்படையில் செல் வைத்தால் பெட்டியின் மையம் நான்கு செல்கள் சந்திக்கும் மூலையில் போய் விழும். நான்கில் எதைப் பிடிப்பது என்பது தேடும் மென்பொருளின் விருப்பம். அதனால்தான் மேலே 11, 201 என்று ஒற்றைப்படையாகச் சொன்னேன்.

சுவருக்கு அருகே இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். சூடான தகட்டிலிருந்து தண்ணீருக்கு ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோவாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் வெப்பக் கடத்துத்திறன் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 0.6 வாட். சுவரை ஒட்டி வெறும் கடத்தல் மட்டுமே நடக்கும் மெல்லிய பகுதியில் வெப்பநிலைச் சரிவு இவை இரண்டின் வகுத்தல்: ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 16.7 டிகிரி. முதல் செல்லின் தடிமன் 0.4 மி.மீ. என்றால் அதன் மையம் சுவரிலிருந்து 0.2 மி.மீ. தள்ளி இருக்கிறது. சுவருக்கும் செல் மையத்துக்கும் 3.3 டிகிரி வித்தியாசம். சுவர் மேற்பரப்பின் வெப்பநிலை வேண்டும் என்று சுவரை ஒட்டி ஒரு ப்ரோப் வைப்பவருக்கு முதல் செல் இதே தடிமனில் இருக்கும்வரை, மற்றதெல்லாம் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்த 3.3 டிகிரி பிழை போகாது. அவர் கேட்டிருக்க வேண்டியது சுவர் முகத்தின், அதாவது சுவரைத் தொடும் செல் பக்கத்தின், மதிப்பை. ஓப்பன்ஃபோமில் அதற்கென்றே எல்லை முகங்களில் மதிப்பெடுக்கும் தனி ப்ரோப் வகை இருக்கிறது.

கணக்கு முடிந்தபிறகு பாராவியூ போன்ற கருவியில் புள்ளியைக் கிளிக் செய்து எடுத்தால் போதாதா, ஏன் ஓடும்போதே எடுக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அளவைப் பாருங்கள். ஒரு கோடி செல் உள்ள மெஷ்ஷில் வெப்பநிலை என்ற ஒரே ஒரு புலத்தை (எல்லாச் செல்களின் மதிப்புகளையும்) சேமிக்க, எண்ணுக்கு 8 பைட் வீதம் 80 எம்.பி. ஆகிறது. 20,000 டைம்ஸ்டெப்புக்கும் (சால்வர் எடுத்துவைக்கும் நேர அடிகளுக்கும்) சேமித்தால் 1.6 டெராபைட். இருபது புள்ளிகளில் மட்டும் எடுத்தால் மூன்று எம்.பி.யைச் சற்றே தாண்டும். நிலையான ஓட்டம் என்றால் கடைசிப் புலம் ஒன்றே போதும். காலத்தோடு மாறும் கணக்கில் ப்ரோப் வைக்க மறந்தால் திரும்ப ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஓப்பன்ஃபோமில் எழுதுவது நாலைந்து வரிதான். கண்ட்ரோல்டிக்ட் என்ற அமைப்புக் கோப்பில் ப்ரோப் என்று வகையைச் சொல்லி, எந்தப் புலம், எத்தனை ஸ்டெப்புக்கு ஒருமுறை, எந்தெந்த ஆயத்தொலைவு என்று பட்டியல் கொடுத்துவிட்டால், ரன் ஓடும்போதே ஒரு எளிய உரைக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். தலைப்பில் ஒவ்வொரு ப்ரோப்பின் இடமும் இருக்கும். கீழே முதல் நிரலில் (நெடுவரிசையில்) நேரம், அடுத்தடுத்த நிரல்களில் வெப்பநிலை. சில சமயம் ஒரு நிரல் முழுக்க மைனஸ் ஒன்றுக்குப் பின்னால் 300 சுழியம் வருகிற பூதாகரமான எண் வந்து நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, அந்தப் புள்ளி மெஷ்ஷுக்கு வெளியே விழுந்துவிட்டது என்று மென்பொருள் சொல்லும் விதம் அது. பெரும்பாலும் காரணம் அற்பமானது. வடிவத்தை மில்லிமீட்டரில் வரைந்து மீட்டருக்கு மாற்றியிருப்பார்கள், ப்ரோப் பட்டியலை மாற்ற மறந்திருப்பார்கள். அல்லது வளைந்த குழாயின் சுவரில் சரியாகப் புள்ளி வைத்திருப்பார்கள்; மெஷ் அந்த வளைவைத் தட்டையான முகங்களால் நிரப்பியிருப்பதால் புள்ளி ஒரு முடியளவு வெளியே போயிருக்கும். இதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கத்துத் தவறு: புள்ளி உள்ளேதான் விழுகிறது, ஆனால் நினைத்த செல்லுக்குப் பக்கத்துச் செல்லில். அதற்கு எந்த எச்சரிக்கையும் வராது. திடமும் பாய்மமும் சேர்ந்த கணக்கில் இரண்டுக்கும் தனித்தனி மெஷ் என்பதால், ப்ரோப் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, புள்ளியில் எடுத்த வெப்பநிலையையே தேர்வுக் கேள்வியாக வைத்த ஒரு கணக்கு. 2001 ஜூனில் எம்.ஐ.டி.யில் நடந்த மாநாட்டையொட்டி கிறிஸ்டன், கிரெஷோ, சட்டன் மூவரும் ஓர் அளவுகோல் பயிற்சியை அமைத்தார்கள். அதே பக்கவாட்டுச் சூட்டுப் பெட்டிதான். ஆனால் அகலம் 1, உயரம் 8. ரேலி எண் 3,40,000. அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஏறத்தாழ 3,06,000க்கு மேல் போனால் இந்தப் பெட்டிக்குள் ஓட்டம் நிலையாக இருக்காது. தானாகவே சீராக அலையத் தொடங்கும். 3,40,000 அந்த வாசலைச் சற்றே தாண்டிய இடம். அலைவு உண்டு, ஆனால் மெலிந்தது. எண்முறையில் பிசுக்கு (கணக்கிடும் முறையே சேர்த்துவிடும் செயற்கைப் பாகுநிலை) கொஞ்சம் அதிகமாக இருந்தாலும், உதாரணமாக முதல் வரிசை அப்விண்ட் என்ற எளிய முறை போட்டால், அந்த அலைவே செத்துப்போகலாம். ரன் நிலையாக ஒருங்கிவிட்டது என்று சந்தோஷப்படுவோம், விடை தப்பாக இருக்கும்.

பங்கேற்றவர்கள் ஐந்து புள்ளிகளில் கால வரிசையைப் பதிவுசெய்ய வேண்டும். முதலாவதின் இடம், சூடான சுவரிலிருந்து 0.181, தரையிலிருந்து 7.37. அதாவது சூடான சுவரையொட்டி மேல் மூலைக்கருகே, மேலேறி வந்த காற்று மூடியைச் சந்தித்துத் திரும்பும் இடம். சூடான சுவரை +0.5 என்றும் குளிர்ந்த சுவரை –0.5 என்றும் அளவிட்டால், அந்தப் புள்ளியில் வெப்பநிலை 0.265ஐச் சுற்றி, உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே 0.043 அளவு அகலத்தில் அலைகிறது. ஒரு சுற்றுக்கான காலம், பரிமாணமற்ற அலகில், 3.41. மூன்று எண்கள். சராசரியை யாரும் எளிதில் பிடித்துவிடலாம். சுற்றுக் காலத்தைக் கொஞ்சம் கவனமாக இருந்தால் பிடிக்கலாம். அலைவின் அகலம் மட்டும் மெஷ்ஷையும் டைம்ஸ்டெப்பையும் உரித்துக் காட்டிவிடும்.

இரண்டாவது புள்ளி 0.819, 0.63 என்ற இடத்தில். முதல் புள்ளியை மையத்தின் வழியே எதிர்ப்பக்கம் பிரதிபலித்தால் வரும் இடம் அது. இரண்டிலும் உள்ள வெப்பநிலையைக் கூட்டினால் எந்தக் கணத்திலும் சுழியம் வர வேண்டும். வராவிட்டால் சமச்சீர் உடைந்திருக்கிறது. ஒரு ப்ரோப்புக்கு இன்னொரு ப்ரோப்பைச் சாட்சியாக நிறுத்துகிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. சமச்சீர் உள்ள எந்தக் கணக்கிலும் செலவில்லாமல் செய்யலாம். அந்தப் பட்டியலில் பெட்டியின் மையப்புள்ளி இல்லை என்பதையும் கவனியுங்கள். பெட்டி முழுக்க அலைந்துகொண்டிருக்கும்போதும் மையத்தில் வெப்பநிலை சுழியத்திலேயே நிற்கும். அங்கே மட்டும் ப்ரோப் வைத்தவர் ‘ஓட்டம் நிலையானது’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று தோன்றலாம். 1998 மே 12 அன்று பிரான்சின் சிவோ அணுமின் நிலையத்தின் முதல் உலையில், எஞ்சிய வெப்பத்தை அகற்றும் சுற்றின் குழாய் வளைவு ஒன்று விரிசல் விட்டு, மணிக்குச் சுமார் 30 கனமீட்டர் தண்ணீர் கசிந்தது. சூடான நீரும் குளிர்ந்த நீரும் கலக்கும் இடத்தில் வெப்பநிலை விடாமல் ஏறி இறங்கி, குழாய் உலோகத்தைக் களைப்படையச் செய்ததுதான் காரணம். சராசரி வெப்பநிலையில் எந்தக் குறையும் இல்லை. அந்த ஏற்ற இறக்கம்தான் குழாயைத் தின்றது.

இந்த வகைக் கலப்பை சிமுலேஷன் எந்த அளவுக்குச் சொல்லும் என்று பார்க்க ஸ்வீடனின் வாட்டன்ஃபால் நிறுவனம் ஒரு டி-சந்திப்புச் சோதனை செய்தது. 140 மி.மீ. விட்டமுள்ள நேர்க்குழாயில் 19 டிகிரி நீர், வினாடிக்கு 9 லிட்டர், 100 மி.மீ. கிளைக்குழாயில் 36 டிகிரி நீர், வினாடிக்கு 6 லிட்டர். சந்திப்புக்குப் பின்னால் சுவரிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தெர்மோகப்பிள்கள் (வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி உணரிகள்). ஓ.இ.சி.டி. நாடுகள் அமைப்பின் அணுசக்தி முகமை மூலம் பல நாட்டுக் குழுக்களுக்கு வடிவமும் நுழைவு நிலைகளும் மட்டும் கொடுக்கப்பட்டன. அளந்த மதிப்புகளைக் காட்டாமலே விடை வாங்கி 2010இல் ஒப்பிட்டார்கள். எல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டரில் நிற்கிறது. சுவரோரச் செல்லின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர் என்றால் ப்ரோப் காட்டுவது தெர்மோகப்பிள் பார்த்த நீரை அல்ல, அதைச் சுற்றியுள்ள நீர் மொத்தத்தின் சராசரியை. சராசரி எடுத்தால் ஏற்ற இறக்கம் குறையும். நமக்கு வேண்டியதே அந்த ஏற்ற இறக்கம்தான். வழக்கமான கே-எப்சிலன் போன்ற மாதிரிகள் கொந்தளிப்பை முழுக்கச் சராசரியாக்கிவிடுவதால் இந்த வேலைக்கு ஆகாது. பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் எல்.இ.எஸ். முறைதான் வேண்டியிருக்கிறது.

கல்பாக்கத்துக்கும் இந்தக் கேள்வி நேரடியாகப் பொருந்தும். அங்குள்ள 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் குளிர்விப்பது திரவ சோடியம். மையத்துக்குள் சுமார் 397 டிகிரியில் நுழைந்து சுமார் 547 டிகிரியில் வெளியேறும். எரிபொருள் தொகுப்புகளிலிருந்து வரும் சோடியம் அதிகச் சூடு, பக்கத்திலுள்ள ஈனும் (புது எரிபொருளை உருவாக்கும்) தொகுப்புகளிலிருந்து வருவது குறைந்த சூடு. இரண்டும் மேலே உள்ள எஃகுக் கட்டமைப்புக்கு அருகே கலக்கும்போது வெப்பநிலை துடிக்கிறது. சோடியத்தின் கடத்துத்திறன் தண்ணீரைப்போல நூறு மடங்கு என்பதால், அந்தத் துடிப்பு சுவரோரப் படலத்தில் அதிகம் மட்டுப்படாமல் உலோகத்துக்குள் இறங்கிவிடும். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு நடந்திருக்கிறது.

உலோகத்துக்குள் ப்ரோப் வைப்பவர்கள் ஒரு கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். மேற்பரப்பில் சீராகத் துடிக்கும் வெப்பநிலை உள்ளே போகப்போகத் தேயும். எவ்வளவு ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைகிறது என்பதை அறிய, வெப்ப விரவல் எண்ணை (பொருளுக்குள் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை) அதிர்வெண்ணாலும் π (பை) மதிப்பாலும் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். துருவுறா எஃகுக்கு விரவல் எண் வினாடிக்குச் சுமார் 4 சதுர மில்லிமீட்டர். வினாடிக்கு ஒருமுறை துடித்தால் அந்த ஆழம் 1.1 மி.மீ.; வினாடிக்குப் பத்து முறை என்றால் 0.36 மி.மீ. ஆக, ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள ப்ரோப் மெதுவான துடிப்பில் 41 சதவீதத்தைக் காணும், வேகமான துடிப்பில் 6 சதவீதத்தை மட்டும். எஃகுச் சுவருக்கு மொத்தமாக நாலே நாலு செல் போட்டுவிட்டு ‘உலோகத்தில் துடிப்பே இல்லை’ என்று அறிக்கை எழுதுபவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. துடிப்பை மெஷ் விழுங்கியிருக்கும்.

மறுபக்கத்தில், தெர்மோகப்பிளும் புள்ளி கிடையாது. அதன் முனையிலும் ஒரு சின்ன உலோக மணி உண்டு, அந்த மணிக்கு நிறை உண்டு, அது கதிர்வீச்சை வாங்கும், விடும். ஒரு மி.மீ. விட்ட நிக்கல் மணி, சுற்றிலும் வெப்பக் கடத்துகைக் கெழு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 100 வாட் என்று எடுத்தால், அது சுற்றுப்புறத்தை எட்டிப்பிடிக்கும் கால மாறிலி ஆறரை வினாடிக்குப் பக்கத்தில் வருகிறது. தீ சிமுலேஷனில் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2000இல் வெளியிட்ட எஃப்.டி.எஸ். மென்பொருளில் ஒரே புள்ளியில் இரண்டு விதமாகக் கேட்கலாம்: வாயுவின் வெப்பநிலை, அல்லது அங்கே ஒரு தெர்மோகப்பிள் இருந்தால் அது காட்டக்கூடிய வெப்பநிலை. நீங்கள் வேறு சொல்லாவிட்டால் ஒரு மி.மீ. மணி என்று எடுத்துக்கொள்ளும். சோதனைத் தரவோடு ஒப்பிட இரண்டாவதுதான் சரி. முதலாவதை எடுத்து ஒப்பிட்டுவிட்டு மாதிரி தப்பு என்று சொல்வது மாதிரிக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாகக் காலம். ஓப்பன்ஃபோமின் ப்ரோப் எழுதும் கணத்தின் மதிப்பை எழுதுகிறது; எஃப்.டி.எஸ். வழக்கமாக இரண்டு பதிவுகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் சராசரியை எழுதுகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுபவர் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். கணநேர மதிப்பை அரிதாக எடுத்தால் வரும் ஆபத்து வேறு. வினாடிக்கு ஐந்து முறை துடிக்கும் வெப்பநிலையைச் சரியாக 0.2 வினாடிக்கு ஒருமுறை பதிந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். 0.19 வினாடிக்கு ஒருமுறை பதிந்தால், கிட்டத்தட்ட நான்கு வினாடிக்கு ஒருமுறை வந்துபோகும் ஒரு மெதுவான அலை தெரியும். அப்படி ஓர் அலை ஓட்டத்தில் கிடையவே கிடையாது.

டைம்ஸ்டெப் தானாக மாறும்படி விட்டிருந்தால் இன்னொரு சிக்கல். வேகம் கூடும்போது சால்வர் சின்னச் சின்ன அடியாக எடுத்துவைக்கும், அமைதியான நேரத்தில் எட்டிப்போடும். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் பதிந்த நிரலை விரிதாளில் ஒட்டிச் சராசரி எடுத்தால், கொந்தளிப்பான நேரத்துக்குத் தகுதிக்கு மேல் எடை கிடைத்துவிடும். ஒவ்வொரு மதிப்பையும் அதன் ஸ்டெப் நீளத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். அதிர்வெண் பகுப்பாய்வு செய்ய நினைப்பவர்கள் முதலில் சம இடைவெளிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை இலக்கம் எழுதப்படுகிறது என்றும் பாருங்கள். ஓப்பன்ஃபோம் வழக்கமாக ஆறு இலக்கம்தான் எழுதும். கெல்வினில் 300ஐச் சுற்றிய வெப்பநிலைக்கு அது ஆயிரத்தில் ஒரு டிகிரி, அதைவிடச் சிறிய அலைவு படிக்கட்டாகத் தெரியும். ரன் நின்றுபோய் மறுபடி தொடங்கினால், தொடங்கிய நேரத்தின் பெயரில் புதிய அடைவில் புதிய கோப்பு உருவாகும். பழைய கோப்பின் கடைசி வரிகளும் புதியதன் முதல் வரிகளும் ஒரே நேரத்தைப் பேசலாம். ஒட்டும்போது பழையதில் அந்த வரிகளை வெட்டிவிடுங்கள்.